பூனைக்குட்டியின் ஞானத்தாய்

"பூனைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவள்."

சென்ற திருவிழாவில், சப்பரம் கிளம்புவதற்கு முன் மேடையேறிய ஓர் இளைஞன் எங்கள் ஊரின் பழைய வேடிக்கைகள் என்று சிலவற்றைச் சொன்னான். அதில் இதுவும் ஒன்று. கூட்டம் சிரித்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். கைத்தடியை ஊன்றி எழுந்து நிற்பதற்குள் அவன் அடுத்த வேடிக்கைக்குப் போய்விட்டான். அவன் சொன்னது மூன்றே சொற்கள். முதல் சொல் மட்டும் உண்மை. அதுவும் முக்கால்வாசிதான், ஏனென்றால் அது பூனை இல்லை, உள்ளங்கையில் அடங்கும் குட்டி. மற்ற இரண்டும் பொய். அந்த அம்மாளை நேரில் கண்டவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர். ஒருவருக்குக் காது கேட்காது. ஒருவருக்கு நினைவு போய்விட்டது. ஒருவர் மகன் வீட்டோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். ஆகவே நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவள் என் தாயின் அக்காள். எனக்குப் பெரியம்மா, அதோடு ஞானத்தாயும். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அதைக் கையில் ஏந்தி நின்று, இதன் ஆத்துமத்துக்கு நான் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்பவளை ஞானத்தாய் என்போம். பெரியம்மாவுக்கு வயிற்றில் பிறந்த பிள்ளை இல்லை. ஞானப்பிள்ளைகள் பத்தொன்பது பேர். எண்ணிப் பார்த்தே சொல்கிறேன்.

ஆள் நெட்டை. நடந்தால் வேகம். பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு குணம். குணம் என்பதா, வியாதி என்பதா என்று இந்த வயதிலும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. தான் செய்த எதற்கும் காரணம் சொல்லமாட்டாள். கேட்டால், செய்ததையே திருப்பிச் சொல்வாள். "ஏன் போகலை?" என்றால் "போகலை." "ஏன் குடுத்தே?" என்றால் "குடுத்தேன்." அதற்குமேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க இந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது.

எனக்கு ஏழு வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்த என்னைப் பின்னாலிருந்து வந்து பிடரியில் ஓர் அறை விட்டாள். குப்புற விழுந்தேன். முன்பல் ஆடிவிட்டது. அம்மா ஓடிவந்தாள்.

"ஏக்கா, எதுக்குப் புள்ளய அடிச்சே?"

"அடிச்சேன்."

"அதான் எதுக்குங்கேன்!"

"அடிக்க வேண்டியிருந்துச்சு. மொதல்ல புள்ளயத் தூக்கு."

அக்காளும் தங்கையும் அந்தக் கோடை முழுவதும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு மீசை முளைத்த பிறகு ஒருநாள், கோவிலுக்கு விளக்கெண்ணெய் கொண்டுவரும் செக்குக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒன் கழுத்துல தேள் ஏறுனத நான் பாத்தேன்ல. நான் வாயத் தொறக்கங்குள்ள ஒம் பெரியம்மா தட்டிவிட்டு மிதிச்சிட்டாக. மிதிச்ச கால்லயே கொட்டிருச்சு, பாவம்." அந்தக் கோடையில் அவள் பல நாள் நொண்டி நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. அதுதான் பேச்சுவார்த்தையே இல்லையே! தேள் என்பது இரண்டெழுத்து. அதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

இன்னொன்று உண்டு. பெரியப்பா கோம்பை நாய்கள் வைத்திருந்தார். செம்மண் நிறம், வாய் மட்டும் அடுப்புக்கரி. தோட்டத்தில் இறங்கும் காட்டுப்பன்றியை எல்லைவரை துரத்திவிட்டு வரும் சாதி. அவற்றின் குட்டி ஒன்றை உத்தமபாளையத்தில் இருந்த தன் உயிர்ச் சிநேகிதருக்கு ஆசையாகக் கொடுத்தார். மூன்றாம் நாள் பெரியம்மா நடந்தே போய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "ஏன் கூட்டியாந்தே?" "கூட்டியாந்தேன்." சிநேகிதர் அதன்பின் எங்கள் ஊர்ப் பக்கம் வரவே இல்லை. பெரியப்பா அவரை நினைத்துப் பல நாள் ராகிக்களியை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். காரணம் என்ன? இதற்குச் செக்குக்காரர் யாரும் கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் தெரியாது. நல்ல காரணம்தான் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும்.

பூனைக்குட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

மலைமேல் பேரியாற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் பாதை முழுவதும் வண்டிகள். சுண்ணாம்பும் இரும்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு தெற்கே அடிவாரத்துக் கேம்புக்குப் போகும், காய்ச்சல்காரர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். ஒரு கோடையில் வாந்திபேதியும் அந்தப் பாதையில் இறங்கி வந்தது. பூசை வைக்கும் எங்கள் பங்குச் சாமியார் பெரியகுளத்துக்கும் அப்பால் இருந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை குதிரையில் வருவார். சாகக் கிடக்கும் பிள்ளைக்குச் சாமியார் இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் நெற்றியில் தண்ணீர் ஊற்றி, உரிய வார்த்தைகளைச் சொல்லி, ஞானஸ்நானம் கொடுக்கலாம். திருச்சபையே அனுமதித்த காரியம். ஆனால் பேதி விழுந்த வீட்டுக்குள் யார் போவது? மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றிக் கோவில் காரியங்களைப் பார்க்கும் கோவில்பிள்ளை போகவில்லை. ஊர்ப் பெரியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் போகவில்லை.

பெரியம்மா போனாள். ஏழு குழந்தைகளுக்கு அவள் கையால் ஞானஸ்நானம் ஆயிற்று. ஏழும் இறந்தன. ஞானஸ்நானம் பெற்றவை என்பதால் ஏழையும் கல்லறைத் தோட்டத்து முள்வேலிக்கு உள்ளே, வடகிழக்கு மூலையில் வரிசையாகப் புதைத்தோம். பெறாத பிள்ளைக்கு வேலிக்கு வெளியேதான் குழி. அந்நாளில் அதுவே வழக்கம். வேலிக்கு வெளியே கிடக்கும் பிள்ளைக்கு மோட்சம் இல்லை என்று பெற்றவள் வாழ்நாள் முழுவதும் நம்பிக்கொண்டிருப்பாள்.

அதே வருடம் ஐப்பசி மழை பிடித்த சமயம். சுண்ணாம்பு வண்டி ஒன்று பெரியப்பா வீட்டு வாசலைத் தாண்டும்போது, மூட்டைகளுக்கு நடுவே கத்திக்கொண்டிருந்த எதையோ வண்டிக்காரன் எடுத்துச் சேற்றில் எறிந்துவிட்டுப் போனான். பெரியம்மா போய்ச் சக்கரத் தடத்திலிருந்து பொறுக்கி வந்தாள். கண் அப்போதுதான் திறந்த குட்டி. உடம்பெல்லாம் சுண்ணாம்பு. நான் அப்போது மதுரையில் படிப்பை முடித்துவிட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். பெரியப்பாவோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தேன்.

"அத உள்ள கொண்டாராதே" என்றார் பெரியப்பா. "நம்ம நாய்க பூனைய என்னைக்கு விட்டு வச்சிருக்குக? கரிவாய்ச்சிக்கு ஒரு வாய் காணாது."

"கொண்டாரேன்."

"ஏந்த்தா, ஊர்ல வேற வீடா இல்ல?"

"இல்ல."

பெரியப்பா சொன்னதில் மிகை இல்லை. அதற்கு முந்தின வருடம் மட்டும் அந்த ஐந்து நாய்களும் மூன்று பூனைகளைக் கொன்றிருந்தன. மூன்றில் ஒன்று பக்கத்து வேலிக்காரியான கோவில்பிள்ளையின் மனைவி மடியில் வைத்து வளர்த்த சாம்பல் பூனை. அவள் செத்த பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து அழுதபோது பெரியம்மா சொன்ன ஆறுதல் "கொன்னுருச்சு" என்ற ஒரே சொல். மாலையில் போய்க் குழி தோண்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. அந்தப் புண் அங்கே ஆறாமல் இருந்தது.

புதுக்குட்டி வந்தால் நாய்களோடு சேர்ப்பதற்குப் பெரியப்பா வீட்டில் ஒரு முறை உண்டு. நாய்கள் கல்தொட்டியில் கம்பங்கஞ்சி குடித்து முடித்ததும் அடியில் அவற்றின் எச்சிலோடு கொஞ்சம் தங்கும். அந்த அடிக்கஞ்சியைப் புதுக்குட்டியின் தலையிலிருந்து வால்வரை பூசுவார்கள். பிறகு மூத்த நாயை முதலில் அவிழ்த்துவிடுவார்கள். தன் வாய்வாசம் அதன்மேல் இருந்தால் நாய் அதை அந்நியமாக நினைக்காது. நாய்க்குட்டிக்குச் செய்வது அது. பூனைக்குட்டிக்கு அதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை.

பெரியம்மா தொட்டியருகே உட்கார்ந்து, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சிரட்டையால் அடிக்கஞ்சியை மொண்டு அதன் தலையில் ஊற்றினாள். குட்டி வீறிட்டது. நான் முற்றத்தில் கிடந்த மாட்டுவண்டிமேல் ஏறி நின்றுகொண்டேன். பெரியப்பா கரிவாய்ச்சியை அவிழ்த்தார். ஐந்தில் மூத்தது அது, மூன்று பூனைகளில் இரண்டு அதன் கணக்கு. நேரே வந்து மடிமேல் மூக்கை நீட்டியது. பெரியம்மா அதன் நெற்றியில் கை வைத்தாள்.

"இந்தா, மோந்து பாரு. ஓங் கஞ்சிதான். இது நம்ம புள்ள. இன்னைலருந்து நீதான் இதுக்கு ஞானத்தாய். கடிச்சேன்னா மேல போயி நீதான் பதில் சொல்லணும், ஆமா."

பெரியம்மா வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கரிவாய்ச்சி ஒருமுறை உறுமியது. பிறகு நக்கத் தொடங்கியது. நக்கிய நக்கில் குட்டி இரண்டு தடவை கவிழ்ந்தது. மற்ற நான்கையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். அன்று சாயங்காலம் குட்டி கரிவாய்ச்சியின் வயிற்றோரம் சுருண்டு கிடந்தது. பெரியப்பா அதை வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கோவில்பிள்ளையின் மனைவி நின்றிருந்தாள். சிரட்டையால் தலையில் ஊற்றியதைப் பார்த்தாள். "ஞானத்தாய்" என்ற சொல்லைக் கேட்டாள். பார்த்ததும் நிஜம், கேட்டதும் நிஜம். கூட்டிப்போட்ட கணக்குத்தான் தப்பு. தன் பூனையைக் கொன்ற நாய்களோடு இவள் பூனை வளர்ப்பாளாமா என்ற ஆத்திரம் வேறு. இரவு அடுப்பு அணைவதற்குள் தெரு முழுவதும் சேதி பரவிவிட்டது: பூனைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள், நாயை ஞானத்தாய் ஆக்கிவிட்டாள்.

பூனையோடு நின்றிருந்தால் நாலு நாள் சிரித்து முடித்திருப்பார்கள். நிற்கவில்லை. மறுநாள் கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள்: "அப்ப எம்புள்ளைக்கு ஊத்துனதும் இப்படி வெளையாட்டுத்தானா?" அவ்வளவுதான். இறந்த ஏழு குழந்தைகளின் தாய்மார்களுக்கும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

முதலில் பெரியவர்கள் ஒன்பது பேரும் பெரியப்பா வீட்டுக்கு வந்தார்கள்.

"அந்தப் பூனையக் குடுத்துரு. கொண்டுபோயி ஆத்துல விட்டுட்டா பேச்சு முடிஞ்சுது" என்றார் அவர்களில் மூத்தவர்.

"தரலை" என்றாள் பெரியம்மா.

"ஏன் தரமாட்டே?"

"தரலை."

"ஞானஸ்நானம் குடுத்தியா, இல்லியா? அதையாவது சொல்லு."

பெரியம்மா முறத்தைத் தட்டினாள். அந்தச் சமயத்தில் குட்டி தானாகவே நடந்து வந்து முற்றத்தின் நடுவில் உட்கார்ந்தது. ஒருவர் குனிந்து கையை நீட்டினார். கரிவாய்ச்சி எழுந்தது. அது எழுந்ததும் மற்ற நான்கும் எழுந்தன.

"ஏப்பா, நாயக் கட்டு!" என்று பெரியவர் பெரியப்பாவைப் பார்த்துக் கத்தினார். "நாய அவுத்துவிட்டா பெரிய ஆளா நீ?"

"நான் எங்க அவுத்தேன்? அதுக அவுந்துதான் கெடக்குக" என்றார் பெரியப்பா. "அவுக புள்ளமேல கை வச்சா அவுக கேக்கத்தான் செய்வாக. மெதுவா, திரும்பாம, அப்படியே பின்னால போங்க."

பின்னால் போகும் பொறுமை யாருக்கும் இல்லை. ஒன்பது பேரும் வாசல் வழியாக வந்தார்கள், வேலி வழியாகப் போனார்கள். மேல்துண்டு இரண்டு முள்ளில் நின்றுவிட்டன. பெரியம்மா அவற்றைக் கிழியாமல் எடுத்துத் துவைத்து அனுப்பினாள்.

அந்த அவமானத்தில் பிறந்ததுதான் கல்லறை வேலி யோசனை. ஏழு பிள்ளைகளின் ஞானஸ்நானமும் சந்தேகம் என்றால் அவை மந்திரித்த புனித மண்ணில் கிடக்கலாகாது. ஆனால் தோண்டி எடுப்பது பாவம். ஆகவே தோண்ட வேண்டாம், வேலியை உள்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுவிடலாம், மூலை தானாக வெளியே போய்விடும்! படித்த மனிதன் நான், இப்படி ஒரு யோசனை எந்தத் தலையில் உதிக்கும் என்று எனக்குப் புரியவில்லை. கிறிஸ்து பிறப்புக்குச் சாமியார் வந்ததும் உத்தரவு கேட்டுக்கொண்டு செய்வதாக முடிவாயிற்று.

நான் ஊர்க்கூட்டத்திலேயே எழுந்து சொன்னேன். கொடுக்கிறவர் எப்படிப்பட்டவர் என்பதால் ஞானஸ்நானம் கெடாது, ஞானோபதேசப் புத்தகத்திலேயே இருக்கிறது, பேதி வீட்டுக்குள் போகப் பயந்த ஒன்பது பேர் போனவளை விசாரிப்பது வெட்கக்கேடு என்றேன்.

"ஒக்காருலே, நாய் வீட்டுப் புள்ள" என்றார்கள்.

பெரியம்மாவிடம் போனேன். குட்டி அவள் மடியில், கரிவாய்ச்சி அவள் காலடியில்.

"பெரியம்மா, ஊத்துனது கஞ்சின்னு ஒரு வார்த்தை சொல்லேன். அந்தப் புள்ளைகளுக்கு எல்லாம் மொறப்படி செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லேன். தாய்மாரு அழுது சாகுறாக."

"தெரிஞ்சவளுக்குத் தெரியும்."

"யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சவளுக்கு."

"ஒனக்கு இந்த வீம்புதான் பெருசு!" என்று கத்திவிட்டு வந்தேன். அவள் கோபிக்கவில்லை. பின்னாலேயே ஒரு தூக்கில் மோர் கொடுத்தனுப்பினாள்.

சாமியார் வந்தார். பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வலப்பக்கம் பெரியவர்கள், இடப்பக்கம் பெண்கள். கல்லறைத் தோட்டம் கோவிலை ஒட்டியே இருந்தது. உத்தரவு கிடைப்பதற்கு முன்பே உடைமுள் வெட்டிவந்து அங்கே அடுக்கியிருந்தார்கள். பதினொரு கட்டு. ஏழு தாய்மார்களும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாமியார் வெளிநாட்டுக்காரர். புத்தகத் தமிழ் பேசுவார். "அம்மா, நீ ஒரு பூனைக்கு ஞானஸ்நானம் கொடுத்தனையோ?" என்றார்.

பெரியம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"நல்லது. மிருகத்துக்கு நீ எதை ஊற்றினாலும் அது ஞானஸ்நானம் ஆகாது. பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் அதனால் கெடாது" என்றார் சாமியார். நான் எழுந்துவிட்டேன். ஆனால் அவர் கையை உயர்த்தினார். "இப்போது கேள்வி வேறு. பிள்ளைகளுக்கு உரிய வார்த்தைகளைக் குறைவின்றிச் சொன்னனையோ? அதைக் கேட்ட சாட்சி உண்டோ?"

நான் உட்கார்ந்தேன். பேதி வீட்டில் ஏது சாட்சி? ஆண்கள் தெருவில் நின்றார்கள், பெற்றவர்கள் பாதிப்பேர் நினைவிழந்து கிடந்தார்கள்.

பெரியம்மா சாமியாரைப் பார்க்கவில்லை, பெரியவர்களையும் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கோவில்பிள்ளையின் மனைவி தலையைக் குனிந்து நின்றாள்.

அவள் பக்கத்திலிருந்து ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். கோவில்பிள்ளையின் மருமகள். ஏழாவது குழி அவளுடைய தலைச்சன் பெண்குழந்தையினுடையது. பிள்ளை போன அன்று அவளும் பேதியில் கிடந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது குழி மூடியாகிவிட்டது. அவளுக்குப் பதினேழு வயது.

"பெரியம்மா, சாமிக்குச் சொல்ல வேணாம். ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லுங்க. எம்புள்ளைக்குத் தண்ணி ஊத்துனீகளா?"

"ஊத்துனேன்" என்றாள் பெரியம்மா.

"வார்த்தை சொன்னீகளா?"

"சொன்னேன்."

வழக்கமான பதில்தான். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் நகரவில்லை. பெரியம்மா அவளைப் பார்த்தாள். பிறகு பேசினாள்.

"ஒங்க வீட்டுப் பானையில அன்னைக்குத் தண்ணி இல்லத்தா. ஒருத்தி பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போயி, ஒரு செரட்டையில மொண்டு, சிந்தாம கையால மூடிக்கிட்டு வந்தா. உள்ள வரப் பயந்து வாசப்படியில நின்னா. நான் கைய நீட்டி வாங்குனேன். புள்ள நெத்தியில மூணு தரம் ஊத்துனேன். புள்ள கண்ணத் தொறந்து பாத்துச்சு. நான் சொன்ன அம்புட்டும் அவ காதுல விழுந்துச்சு. ஆமென் சொன்னதும் அவதான்."

"யாரு?"

"அவளே சொல்லட்டும்னுதான் இத்தன நாளா இருக்கேன்."

கோவில்பிள்ளையின் மனைவி ஓரடி முன்னால் வந்தாள். "ஏய், பேசாம நில்லு" என்றார் கோவில்பிள்ளை. அவள் நிற்கவில்லை.

"நாந்தான் சாமி. தண்ணி கொண்டாந்தது நாந்தான்" என்றாள். "மூணு தரம் ஊத்துனாக. பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து, எல்லாம் சொன்னாக. ஒரு வார்த்தை கொறையல."

ஊத்துனாக என்றாள். சொன்னாக என்றாள். சாம்பல் பூனை செத்த நாளிலிருந்து பெரியம்மாவை "அவ", "இவ" என்று தவிர வேறு விதமாக அந்த வாய் சொன்னதில்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் அது கேட்டது.

"ஏன் அத்தை இம்புட்டு நாளாச் சொல்லலை?" என்றாள் மருமகள்.

"நான் பூனையப் பத்தித்தான்டி நாலு பேருகிட்டச் சொன்னேன். எம்பூனை செத்தப்ப ஒரு வார்த்தை கேக்கலையேன்னு வயித்தெரிச்சல்ல சொன்னேன். வேலி வரைக்கும் போகும்னு எனக்குத் தெரியாது. போனப்பெறகு எந்த வாயால சொல்ல?"

எந்த வாயால் என்றால், அதே வாயால்! அவள் இரண்டு மாதம் மென்று விழுங்கினாள். பெரியம்மா அவளே சொல்லட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்தாள். நடுவில் ஏழு பெண்கள் தூங்காமல் கிடந்தார்கள். பெரியம்மா செய்தது சரி என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஒருத்தியின் மானம் அவள் வாயாலேயே மீளட்டும் என்று காத்திருப்பது பெரிய காரியமாக இருக்கலாம். அதற்கு மற்றவர்கள் கண்ணீரை எடுத்துச் செலவழிக்கக் கூடாது. இதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். "சரித்தான்" என்றாள்.

சாமியார் மற்ற ஆறு பிள்ளைகளுக்கும் அதே வார்த்தைகள்தானா என்று கேட்டார். பெரியம்மா தலையசைத்தாள். "ஏழும் செல்லும். வேலியைத் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். பெரியவர்கள் ஒன்பது பேரும் அவருக்குக் குதிரை பிடிக்கப் போய்விட்டார்கள். ஒருவரும் பெரியம்மா முகத்தைப் பார்க்கவில்லை. முள்ளையும் அப்புறப்படுத்தவில்லை. அன்று மத்தியானம் பெரியப்பாவும் நானும்தான் அதை இழுத்துப் போட்டோம்.

பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். அந்தப் பெண் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"பேரு என்ன வச்சீக?"

ஞானஸ்நானம் என்றால் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். எங்கள் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை.

பெரியம்மா திரும்பினாள். "பேரு தெரிஞ்சா கூப்பிட்டுக்கிட்டே கெடப்ப. பாலு வத்தாது. அதான் சொல்லாம இருந்தேன்" என்றாள். ஒரு காரியத்துக்குக் காரணத்தை அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு குனிந்து, அந்தப் பெண்ணின் காதோரம் சொன்னாள்.

"ஆரோக்கியம்."

பேதியில் போய்க்கொண்டிருந்த பிள்ளைக்கு வைத்த பெயர்.

மருமகள் முள்கட்டுகளைச் சுற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் போனாள். மாமியார் பின்னாலேயே போய், பாதியில் நின்றுவிட்டாள். வடகிழக்கு மூலையில் ஏழாவது மண்மேட்டருகே அந்தப் பெண் உட்கார்ந்தாள். பழக்கமில்லாத சொல்லைப் போல அதை முதலில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, வாசலில் விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஆரோக்கியம்... ஏத்தா ஆரோக்கியம்! ஆத்தா வந்துருக்கேன்டி."